இடது தேய்மானம்

பெர்கனில் மழை நின்றிருந்த பதினோரு நிமிடத்தில்
அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.
கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பழைய ஜோடி,
ஜோடிக்குள் நேற்றைய ஓட்டத்தின் ஈரம்.

போன முறை, பேரங்காடியில், ஒரு பையன்
கேட்டது ஒரே கேள்வி: என்ன நிறம்?
நீலம் என்றேன். நீலம் தந்தான்.
இரண்டு கால்நகங்களும் நீலமாயின.
செருப்புக்காகக் காலை வெட்டுவது என்பார்களே,
வெட்டவில்லை, அவ்வளவுதான்.
நீலத்தைப் பரணில் எறிந்துவிட்டு
பழையதற்கே திரும்பியிருந்தேன்.

இவர் பெயர் கௌத்தே.
மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப்பையில் அளவு நாடா.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பையை வாங்கினார், ஷூவைக் கவிழ்த்தார்,
மீன் வாங்குகிறவர் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல்
அடியைப் பார்த்தார்.

"இடது கால், வெளிவிளிம்பு. வலது அப்படியே இருக்கிறது.
என்ன வேலை?"
டிராம் ஓட்டுகிறேன். நாளெல்லாம் உட்கார்ந்தபடி.
"ஓடுவது எங்கே?"
ஏரியைச் சுற்றி.
"எந்தப் பக்கமாக?"

ஐந்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துத்தான்
சொல்ல முடிந்தது:
இடமாக. எப்போதும் இடமாக.

"மழைத்தண்ணீர் வடிய அந்தப் பாதையை
ஏரிப் பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள்.
உங்கள் இடது கால் ஐந்து வருடமாகப்
பள்ளத்தில் ஓடுகிறது."

நடைபாதையில் ஓடச் சொல்லிவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:
தப், தாப், தப், தாப்.
பிறகு அளந்தார். இடது பாதம்
வலதைவிட ஒரு பட்டாணி நீளம்.
நாற்பத்தாறு வயதில் எனக்கு இது செய்தி.

சுவரில் இரண்டாயிரத்து நானூறு குரோனருக்கு
ஒன்று மின்னியது. கை நீட்டினேன்.
"அது வேகத்துக்கு. நீங்கள் வேகமா?"
இல்லை, என்றேன்.
இவ்வளவு நிம்மதியாக அந்தச் சொல்லை
நான் சொன்னதே இல்லை.

"இன்று எதுவும் வாங்காதீர்கள்.
இது இன்னும் நூறு கிலோமீட்டர் தாங்கும்.
மூன்று வாரம் வலமாக ஓடுங்கள்.
பிறகு ஒரு சாயங்காலம் வாருங்கள்,
கால் தன் முழு அளவுக்கு வருவது அப்போதுதான்."
கடைசித் துளையில் நாடாவை வளையமாக்கி
குதிகால் நழுவாமல் கட்டக் காட்டினார்.
அதற்குக் காசில்லை.
வெளியே மழை தொடங்கியிருந்தது.

மறுநாள் வலமாக ஓடினேன்.
ஐந்து வருடம் முதுகுகளாக இருந்தவர்கள்
எதிரே முகங்களாக வந்தார்கள்.
பச்சைத் தொப்பிக்குத் தாடி இருந்தது.
நான் முந்தத் துடித்த அந்த ஒல்லி முதுகு
எழுபது வயதுப் பெண்,
வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டு.
மலைகூட வேறு தோளைக் காட்டியது.
முழங்கால் கொஞ்சம் அடங்கியது. முழுக்க இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து,
வீங்கிய கால்களோடு போனேன்.
கௌத்தேவுக்கு என்னை நினைவில்லை.
பெயரைச் சொன்னேன், சூல்ஃப்ரிட். இல்லை.
டிராம் என்றேன். "ம்..."
ஷூவைக் கவிழ்த்தேன்.
"அட, ஏரிக்காரி!"

ஐந்து பெட்டிகள் திறந்தார்.
இரண்டை நான் கேட்பதற்கு முன்பே மூடினார்.
நான்காவது, போன வருடத்து மாடல், பாதி விலை,
கடுகு நிறம், பார்க்கச் சகிக்காது.
பெருவிரலுக்கு முன்னால்
தன் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.
"ஓடுங்கள்."

தெருமுனை வரை ஓடித் திரும்பினேன்.
எப்படி இருக்கிறது?
யோசித்தேன்.
ஒன்றும் தெரியவில்லையே, என்றேன்,
காலில் எதுவும் இருப்பதாகவே.
"அப்படியென்றால் அதுதான்" என்று
ரசீது எழுத உட்கார்ந்தார்.

அவர் எழுதி முடிப்பதற்குள்
நான் இன்னொரு முறை தெருமுனை வரை போய்வந்தேன்,
தேவையே இல்லாமல்.