கறுப்பு மூடி

எட்டு மாதம் பார்த்துத்தான் வாங்கினேன்.
பிக்கரிங்கில் ஒரு கடை, ஒஷாவாவில் இரண்டு,
கடைசியில் இங்கே ஏஜாக்ஸில்,
நவ்தீப் என்ற பொடியன்
கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்
மனேஜரோடு கதைத்துவிட்டு வந்து
"உங்களுக்கு மட்டும்" என்று குறைத்த
முந்நூறு டொலரில் விழுந்து
கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதாம் நாள் கண்ணில் பட்டது.
அதே கார். அதே நீலம்.
ஆறாயிரத்து இருநூறு குறைவு.
போதாக்குறைக்கு, சூடாகும் ஸ்டியரிங்.

அந்தப் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில்
என்னுடையதில் ஒரு கறுப்பு மூடி.
விழுந்த பல்லின் குழியை நாக்குத் தேடுவதுபோல
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
விரல் அங்கேயே போகிறது.

நவ்தீப்பை அழைத்தேன்.
"விலை மேலேயிருந்து வாறது அன்ரி,
மழை மாதிரி."
மழைக்கு யாரடா
எழுபத்திரண்டு மாதம் தவணை கட்டுகிறார்கள்?

ஆறாயிரத்து இருநூறு என்றால்
முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு இரவு.
இரண்டு மணிக்கொருதரம்
மிஸ்டர் கவால்ஸ்கியை இடப்பக்கம் புரட்டி,
வலப்பக்கம் புரட்டி,
விடியும்போது என் முதுகை
நானே புரட்ட முடியாத முப்பத்தொரு இரவு.

கிருபாகரனுக்குச் சொல்லவில்லை.
சித்திரை மட்டும் பொறு என்றவர் அவர்.
"அப்பவே சொன்னனான்" என்ற சொல்
அந்த வாய்க்குள் எங்கோ
பார்க் பண்ணி நிற்கிறது என்று நினைத்தேன்.
பேச்சு கார்ப் பக்கம் திரும்பினால்
பருப்புக்கு உப்புக் காணுமோ என்பேன்.
காணும் என்பார்.

செவ்வாய் இரவு
நீலத் தொட்டியை வீதிக்கு இழுக்கையில் சில்லுச் சறுக்கி
எல்லாம் பனியில் கொட்டுண்டது.
பீட்சாப் பெட்டி ஒன்று வாய் திறந்தது.
உள்ளே எட்டாய்க் கிழித்த கடை விளம்பரம்.
கைபேசி வெளிச்சத்தில் பொருத்திப் பார்த்தேன்.
என் நீலம், அந்த விலை, தேதி:
நான் அறிந்ததற்கு நான்கு நாள் முந்தியது.

நான்கு நாளாக இந்த மனிசன்
உப்புக் காணும், உப்புக் காணும் என்றிருக்கிறது.

பெட்டியை மூடி
பால் பக்கெட்டுகளுக்கு அடியில்
இருந்தபடியே வைத்தேன்.

மறுநாள் வேலைக்கு இறங்கினேன், மைனஸ் இருபத்தொன்று.
சீட்டில் ஒரு சோடிக் கையுறை,
உள்ளே ஆட்டு ரோமம், முழு விலை.
வாற கிழமை பாதிக்கு வரும், தெரியும்.
ரசீதும் கிடந்தது:
முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

விலையட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.
ஒரு அளவு பெரிது.
அந்த மொத்த விரலோடு
கறுப்பு மூடியை ஒருதரம் அமத்திப் பார்த்துவிட்டு
ரிவர்ஸ் எடுத்தேன்.