கடல் மட்டத்துக்கு மேல்

எங்கள் ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில்
உயரம் ஒற்றை இலக்கம்.
அதனடியில் இறங்கினேன்,
உறைக்குள் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளோடு.
"பந்தக் காலா?" என்றார் ஆட்டோக்காரர்.

உச்சிக்கு இன்னும் எண்பது மீட்டர் இருந்தது.
ஸ்டான்சின் கோலால் பனியைத் தட்டினான்.
பழுத்த பலாவைப் போல் பொத்பொத்தென்றது.
திரும்பு என்றான்.
ஏழு மணி நேரம் கட்டைக்கடியில்
சரிவைக் கவ்வி ஏறிய தோலை
உரித்துச் சுருட்டும்போது
இரண்டு விரல்கள் என்னுடையவையாக இல்லை.

இறக்கத்தில் ஒருமுறைகூட விழவில்லை நான்.
எங்கே பழகினாய் என்றான்.
பரம்புமேல் பாரமாக நிற்க
முழங்கால் தானே மடங்கும் என்பதை
எனக்கு இந்தியில் சொல்லத் தெரியவில்லை.
சேறு என்று மட்டும்
தமிழிலேயே சொன்னேன்.

இன்று சிவக்கொழுந்து அண்ணன் டிராக்டர்.
"பரம்பு லேசா கெடக்கு, ஏறிக்க புள்ள."
கட்டுப்போட்ட விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி
ஏறினேன்.
வெண்ணாற்றுத் தண்ணீர்
கணுக்காலில் வெதுவெதுவென்று.
கொக்குகள் கடைசி நொடியில்தான் விலகின.

ஈசானிய மூலையில் ஒரு மேடு,
நாலு விரற்கடை இருக்கும்.
"அத மட்டும் அடிச்சிட்டாப் போதும்."

அதன்மேல் ஏறினேன், இறங்கினேன்,
திரும்ப ஏறினேன்,
அது இல்லாமல் போகும்வரை.