அரைப்பேர்

டெக்னிகல் கார்டில் நான் லோஜினி.
பல்கலைக்கழகக் கார்டில் லோசனி.
எந்தக் கந்தோரிலோ யாரோ
சிங்களத்திலிருந்து என்னைத் தமிழுக்கு இறக்கும்போது
ஒரு சுழி வழியில் தவறிவிட்டது.
திருத்துவதென்றால் சத்தியக்கடதாசி, முத்திரை, ஒரு நாள் லீவு.
திருத்தவில்லை.

விண்ணப்பத்தில் பதினோராம் கேள்வி:
வேறு நிறுவனம் எதிலும் பதிவு செய்துள்ளீரா?
பக்கத்தில் இரண்டு பெட்டி.
பேனையை அதன்மேல் பிடித்தபடி
ஹட்டன் தபாற்கந்தோர் மேசையில்
மழை விடட்டும் என்று நின்றேன்.
மழை விடவில்லை.
இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு மைப்புள்ளி விழுந்தது.
பேனையின் பிழையென்று
சொல்லிக்கொள்ளலாம்.

திங்கள் தொட்டு வெள்ளிவரை வயரிங்.
பதினெட்டுப் பொடியன்கள், நான், பிரிஸ்கா.
சுவரைக் கொத்திக் குழாய் புதைப்போம்.
குணரத்ன சேர் கையைப் பின்னால் கட்டியபடி வருவார்:
"எர்த் எங்க, நங்கி?"

சனிக்கிழமை மூன்றரைக்கு எழும்பி
டோர்ச் வெளிச்சத்தில் தேயிலைக்குள் இறங்கிக்
கண்டி பஸ்.
அங்கே அதே மின்சாரம்
பலகையில் கிரேக்க எழுத்தாக ஓடும்.
யாரையும் அடிக்காது.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தப்
பதினெட்டுக் கிலோவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.
"காலையில ஒரு மல, அந்திக்கு ஒரு மல,
ரெண்டுலயும் கொழுந்து கொறஞ்சா?"
தராசு முள் எங்கே நின்றால்
கணக்கப்பிள்ளை என்ன எழுதுவார் என்பது
அவளுக்கு மனப்பாடம்.
"ரெண்டு எடத்துலயும் ஒனக்கு அரப்பேருதானே, புள்ள?"
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
உரித்துக்கொண்டே இருந்தேன்.

ஒக்டோபரில் போயா லீவு குறுக்கே வந்து
செய்முறைப் பரீட்சையைச் சனிக்குத் தள்ளியது.
அதே சனி கண்டியில் ஆய்வுகூடம், கட்டாயம்.
எட்டு மணிக்கு ஹட்டனில் எனக்கு விழுந்த துண்டு:
மாடிப்படிக்கு ஒரு பல்ப்,
கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச்.
கீழே போட்டதை மேலே அணைக்க வேண்டும்,
மேலே அணைத்ததைக் கீழே போட வேண்டும்.
நாற்பது நிமிடம்.
சேர் இரண்டையும் மாறி மாறித் தட்டினார்,
ஒன்றும் சொல்லவில்லை, சிவப்புப் பேனையால் கிறுக்கினார்.
ஓடினேன்.

நாவலப்பிட்டிக்குக் கிட்ட டயர் வெடித்தது.

நான் போய்ச் சேர்கையில்
மேசைகளில் கம்பி கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
வரவு எடுக்கும் ஷஹ்னாஸ், என்னைவிட ஒரு வயது கூட இருக்கும்,
மணிக்கூட்டைப் பார்த்தாள்,
என் நகக்கண்ணில் சீமெந்தைப் பார்த்தாள்.
லோசனிக்கு நேரே
சரியும் போடாமல் பிழையும் போடாமல்
ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.
"பாதி செய்யலாம். மிச்சம் அடுத்த கிழமை."

லயத்துக்கு ஏறும்போது கரண்ட் போயிருந்தது.
குப்பி விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கி
அம்மா கேட்டது ஒன்றுதான்:
"எவ்வளவு போட்டாங்க?"
"காலையில முழுசு. அந்திக்கு அர."

விரலை மடக்கிக் கூட்டினாள்.
மறுபடி விரித்துக் கூட்டினாள்.
"ஒன்றரப் பேரா?
இன்னிக்கி என்ன,
ஞாயித்துக் கெழமையா?"