கத்தரிக்காய்ச் சோதனை

காசு இல்லை என்பதால்தான்
எங்கள் முதலாளி அந்த மென்பொருளைப் பிடித்தார்.
"சும்மா கிடைக்குது பிள்ளை, சும்மா" என்று
மூன்று கிளைகளிலும் ஏற்றினார்:
வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பொரளை.
ஒரு பக்கம் இரத்தம் எடுப்பார்கள்,
மறுபக்கம் சிறுநீர்க் குப்பிகள் வரிசையாய்,
நடுவில் நான், ரசீது அடிக்கிறவள்.

சிவகடாட்சம் மாதம் ஒருமுறை சீனி பார்க்க வருவார்.
வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கோபம் தனி.
"என்ர பேரில ஒரு குத்தைக் காணேல்லை" என்று
ரசீதை மேசையில் போட்டார்.
பார்த்தேன்: சிவகடாட்சம.
பேனையால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.
அடுத்த மாதமும் வைத்தேன்.
மூன்றாம் மாதம், நான் வைக்குமுன்
அவரே பேனையை எடுத்துக்கொண்டார்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றிரவு, ஹம்டன் லேன் அறையில்,
கடலோர ரயில் யன்னலை உலுக்கிப் போக,
அந்த மென்பொருளுக்குள்ளே போனேன்.
பூட்டு இல்லை.
வாசலில் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.
நாலாயிரம் வரிக்கு அப்பால் ஒரு வரி:
பெயர் பத்தைத் தாண்டினால் வெட்டு.

சி, வ, க, டா, ட், ச, ம்.
என் விரலுக்கு ஏழு.
அதற்கோ பதினொன்று.
விசிறியைத் தனியாய், காலைத் தனியாய்,
குத்தையும் ஓர் ஆளாய் எண்ணி
கடைசி ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தது.
காலி வீதி பஸ்காரன்கூட
மிதிபலகையில் ஒரு கால் வைக்க விடுவான்.

எழுதிப் போட்டேன். பதினேழு நாள் சத்தமில்லை.
பிறகு பிர்னோ என்ற ஊரிலிருந்து
ஒந்த்ரேய் என்று ஒருவர்:
அந்தப் புள்ளி அலங்காரமா, அவசியமா?
அது இல்லாவிட்டால்
அவர் பெயரைச் சொல்லி முடித்த பிறகும்
வாய் திறந்தே கிடக்கும் என்றேன்.
அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.
அவருடைய பெயரிலும் ஓர் எழுத்தின் தலையில்
சின்னதாய் ஒரு குஞ்சம் இருந்தது.

அப்படியென்றால் நீங்களே திருத்தி அனுப்புங்கள் என்றார்.
நானா?
ஆறு வரி. ஒன்பது இரவு.
இரண்டு தரம் கரண்ட் போய் முழுவதும் போனது.
அனுப்பினால், சோதனை எங்கே என்று திரும்பி வந்தது:
வெட்டுப்படாமல் நிற்கும் ஒரு சொல்லை
உதாரணமாய் வைக்க வேண்டுமாம்.
நோயாளியின் பெயரை ஊருலகத்துக்குக் கொடுக்கலாமா?
சட்டிக்குப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தேன்.
கத்தரிக்காய்.
எண்ணிப் பார்த்தேன். அதற்கும் பதினொன்று!

இனி எவர், எந்த நாட்டில் அதைக் கட்டி எழுப்பினாலும்
முதலில் ஒரு கத்தரிக்காய் முழுசாய் வெளியே வரவேண்டும்.
காம்பு முறிந்தால் சிவப்பு விளக்கு.
ஏற்றுக்கொண்டபின் ஒந்த்ரேய் கேட்டார்,
அது யாருடைய பெயர் என்று.

புதிய பதிப்பு வந்ததும்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று கிளைக்கும் ஏற்றினேன்.
முதலாளியிடம் சொல்லவில்லை.
சம்பளம் கூட்டச் சொல்கிறேன் என்று நினைப்பார்.

மாலை, பொரளையிலிருந்து நில்மினி எடுத்தாள்.
சந்திராவதி அம்மாவின் ரசீதில்
கடைசி எழுத்தின் இஸ்பில்ல வந்துவிட்டதாம்.
மூன்று வருடம் 'சந்திராவத' என்றே போய்வந்தவளாம்.
யார் செய்தது?

உண்மையைச் சொன்னால்,
நான் சிங்களத்தை நினைத்து ஒரு வரியும் எழுதவில்லை.
நினைத்துச் செய்தேன் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
"கத்தரிக்காய்" என்றேன்.
"வம்பட்டு?" என்று சிரித்தாள் அவள்.
பிறகு இருவருக்கும் வரிசை நீண்டிருந்தது.

சிவகடாட்சம் ஐந்தாம் திகதி வந்தார்.
ரசீதை வாங்கியதும்
பழக்கத்தில் பேனைக்குக் கை போனது.
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
பேனையைத் திரும்ப வைத்தார்.
"ம்" என்றார்.

பெயருக்கா,
இருநூறு ரூபாய் கூடியிருந்த கட்டணத்துக்கா,
நான் கேட்கவில்லை.
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.