வீண்பொறி

மூன்று கருவி, மூன்று எண்.

பிளக் வயரைக் கவ்விய கிளாம்ப் மீட்டர்
ஆயிரத்து எழுநூறு என்கிறது.
போன வாரம் தவணையில் வாங்கிய ஸ்கேனர்
எண்ணூற்று நாற்பத்தெட்டு.
கிராங்க் புல்லியில் நான் ஒட்டிய வெள்ளித்தாளை
ஒளியால் எண்ணும் டேக்கோமீட்டரோ
ஆறாயிரம் என்று சத்தியம் செய்கிறது.

ஆறாயிரம் சுற்றினால்
சாட்ஸ்வொர்த் பாதிக்குக் கேட்டிருக்கும்.
பெக்கிதெம்பா மட்கார்டில் வைத்த தேநீர்
ஆடை கூடக் கலையாமல் இருக்கிறது.

"என் பக்கிக்கு ஒன்றுமில்லை, சிஸி,
ஆயில் மட்டும் மாற்று.
சனிக்கிழமை உம்லாஸியில் ஒரு சாவு,
கூடாரமும் நூறு நாற்காலியும் போகணும்."

இருக்கட்டும் என்றேன்.
நான் எதையும் அவசரமாய் அளப்பதில்லை.
ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றாயிற்று.
ஏசி, ஹெட்லைட், ரேடியோ எல்லாம் அணைத்தாயிற்று;
ரேடியோவை அணைத்ததில் அவனுக்கு வருத்தம்,
கைசர் சீஃப்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது.
தொண்ணூறு டிகிரி. நியூட்ரல்.
மறுபடி அளந்தேன்.
மறுபடி அதே மூன்று பேர், அதே மூன்று பேச்சு.

இரண்டு மணிக்கு லோட் ஷெடிங்.
கம்ப்ரசர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.
டியூப்லைட் செத்தது.
என் கையில் இருந்த டேக்கோமீட்டர்
ஆறாயிரத்திலிருந்து
படி தடுக்கியவனைப் போல விழுந்து
எழுந்து நின்ற இடம்
எண்ணூற்று ஐம்பத்தொன்று.

இத்தனை நேரமும் அது எண்ணியது
விளக்கை.
நொடிக்கு நூறு முறை இமைத்த விளக்கை.

இருட்டில் எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ஸ்கேனரும் டேக்கோமீட்டரும் இப்போது ஒரு கட்சி.
கிளாம்ப் மீட்டர் தனியாக,
ஆயிரத்து எழுநூறில், அசையாமல்.
சரிபாதி என்று தோன்றியதும்
முதுகில் குளிர் இறங்கியது.

இந்த எஞ்சினில் ஒரு காயிலுக்கு இரண்டு பிளக்.
எரிக்க ஒரு பொறி,
புகை வெளியேறும் நேரத்தில் இன்னொன்று,
எதையும் எரிக்காமல், வீணாக.
மீட்டர் அந்த வீணையும் கணக்கில் சேர்த்திருக்கிறது.
பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச்.
பன்னிரண்டு ஆண்டாக
நான் தொட்டதே இல்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று
விரல் சொடுக்கச் சொல்வார்கள்.
குறில் ஒவ்வொன்றையும் நெடிலாய் வாசித்திருக்கிறேன்.
பக்கியை, ஒரு கால் கூட்டி,
பாக்கி என்று.

பாக்கி என்றதும் அமராவதி படையாச்சி.
அதே எஞ்சின், சிவப்பு கோர்சா, ஜூன் மாதம்.
"ஐட்லிங் இரட்டிப்பா இருக்கு மேடம்" என்று சொல்லி
வால்வு மாற்றினேன். இரண்டாயிரத்து முந்நூறு ராண்ட்.
எண் இறங்கவில்லை.
திராட்டில் திருகைப் பின்னுக்குத் திருப்பித் திருப்பி
மீட்டரை ஆயிரத்து நூறுக்கு இறக்கிவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டேன்.
ஆயிரத்து நூறு அல்ல,
ஐந்நூற்று ஐம்பது.
"ரோபோட்டில் நின்றால் அணைந்துபோகுது" என்று
இரண்டு முறை போன் செய்தார்.
புது வால்வு, பழகிவிடும் என்றேன்.
செருப்பா அது, பழகுவதற்கு?

பெக்கிதெம்பா தேநீரை எடுத்துக்கொண்டான்.
"என்ன சிஸி, மோசமா?"
உன் வண்டி அருமையாக இருக்கிறது என்றேன்.
"அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்!"

ஸ்விட்சைத் தள்ளினேன்.
மீட்டர் கூச்சமே இல்லாமல்
எண்ணூற்று ஐம்பது என்றது.

டவர் ஒரு கோடு காட்டியது.
மணி ஏழு முறை அடித்த பிறகு எடுத்தார்.
"சொல்லும்மா, ஹிகின்சன் ஹைவே ரோபோட்டில் இருக்கேன்.
பச்சை விழுந்தாச்சு, இது கிளம்ப மாட்டேங்குது,
பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடிக்கிறான்,
சீக்கிரம் சொல்லு."

அந்த ஹார்ன் எனக்கும் கேட்டது.
அது எத்தனை முறை என்பதை
எந்தக் கருவியும் இல்லாமல் எண்ணினேன்.