அறுபத்து நாலு

கேடயத்தில் பொறிக்க எண் வேண்டுமாம்,
முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தது.
ஆய்வகத்தில் குடுவை கழுவிய நேரம் போக
இருபத்து மூன்று வருடம்
ஸ்கோர் புத்தகம் எழுதியவன் நான்.
வெற்றி இருநூற்று எழுபத்தொன்று என்றேன்.
தோல்வியை அவர் கேட்கவில்லை.

கருங்கல் சாலையோரம் மைதானம்.
இடப்பக்க வேலிக்கு அப்பால்
சத்தியநேசனின் ரப்பர் விளை.
ஹோம் ரன் என்றால்
பந்து மரத்தில் மோதி
சிரட்டையோடு பாலைக் கவிழ்த்துவிட்டு
வெள்ளை பூசிக்கொண்டு கிடக்கும்.
சிரட்டை ஒன்றுக்கு ஐந்து ரூபாய்,
டெல்பின் மேடத்தின் கைக்காசு.
முதல் வருடச் செலவு பதினைந்து ரூபாய்.
ஐந்தாம் வருடம் சத்தியநேசன்
தனி நோட்டே போட்டுவிட்டார்.
"மேடத்துக்க பிள்ளைய
எனக்க விளைய முடிச்சிரும்"
என்பார் டீக்கடையில்,
யாரும் கேட்காமலே.

மேடம் வந்தது கோ-கோவுக்கு.
சாஃப்ட்பால் விதிகளை
தக்கலை பஸ்சில் நின்றுகொண்டே படித்தார்.
முதல் அணிக்கு ஆறு கையுறை,
பேஸ் வைக்க மண் நிரப்பிய அரிசிச் சாக்கு.
முதல் ஆட்டம்
பத்தொன்பதுக்கு ஒன்று.
திரும்பும் வழியில் ஒருத்தியும் பேசவில்லை.
நாங்குநேரி தாண்டியதும்
கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்:
"அந்த ஒண்ணு எப்பிடி வந்துது, சொல்லுங்க."

பாராட்ட அவரிடம் ஒரே சொல், கொள்ளாம்.
அதையும் வருடத்துக்கு
இரண்டு தடவைக்கு மேல் செலவழிக்கமாட்டார்.
ஆறில் கடியபட்டணத்து அனிலா,
நாலில் ஷெர்லின்,
மூணில் திருவட்டாறு பிரதீபா.
ஆறு – நாலு – மூணு.
என் பேனா தாளைத் தொடுமுன்
இரண்டு பேர் அவுட்.
அன்றைக்கு ஒரு கொள்ளாம் விழுந்தது.
மூவரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டு
ஹாஸ்டல்வரை சண்டை.

பெனிலா, எங்கள் பழைய பிட்சர்,
வேறு கல்லூரிக்குப் பயிற்றுநராகி
அரையிறுதியில் எதிரே நின்றாள்.
காது தொட்டால் ஓட்டம்,
தொப்பி தொட்டால் பண்ட்.
இங்கே பழகிய சைகை,
ஒன்றைக்கூட மாற்றவில்லை அவள்.
மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார்,
நாலுக்கு மூணில் ஜெயித்தார்.
எனக்கே கொஞ்சம் கூசியது.
கைகுலுக்கும்போது சொன்னார்:
"சைகைய மாத்து பிள்ளே."
மாற்றினாள்.
அடுத்த மூன்று வருடமும் கோப்பை
அந்த ஊர் அலமாரியில்.

ஒக்கி அடித்த வாரம்
திருச்சியில் மண்டல ஆட்டம்.
எங்கள் கேட்சர் மெர்லினின் அப்பா
கடலில்.
அணி முழுக்க வள்ளவிளைக் கரையில் இருந்தது.
கையுறைப் பையை யாரோ
பழக்கத்தில் தூக்கி வந்திருந்தார்கள்.
வராத அணி
ஏழுக்குப் பூஜ்யத்தில் தோற்றதாகக் கணக்கு.
எழுதணுமா மேடம் என்றேன்.
"எழுதும்."
நான்காம் நாளும் அங்கேதான் இருந்தோம்.
மெர்லினின் அப்பா வரவில்லை.

சத்தியநேசன் விளையில்
முந்நூறு மரம் வேரோடு படுத்துவிட்டது.
நோட்டும் அதோடு நின்றது.
இப்போது அங்கே அன்னாசி.
பந்தெடுக்கப் போகிறவள்
முழங்கால்வரை கீறலோடு வருகிறாள்.
பயலுகள் சிரித்தால்
மெர்லின் முறைக்கிறாள்.
அவள் இப்போது துணைப் பயிற்றுநர்.

கேடயத்தின் மாதிரித் தாள் வந்தது.
வெற்றி 271, சுற்றிலும் இலை வளையம்.
மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு
பென்சிலால் கீழே எழுதினார்:
தோல்வி 64.
முதல்வர் என்னைப் பார்த்தார்,
"அறுபத்து மூணுதானே, ஆடித் தோற்றது?"
அறுபத்து நாலு சார் என்றேன்.

மார்த்தாண்டத்தில் பொறிக்கிறவன்
கூடுதல் எழுத்துக்குத்
தனிக் காசு கேட்டானாம்.
மேடம் கைப்பையைத் திறந்தார்.