ஒன்பது எங்கே தொடங்குகிறது

அரியாலைக் கடலேரிப் பக்கம்
ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிய ஒரு கொட்டில்.
உள்ளே ஜாம் போத்தல், போத்தலுக்குள் பட்டுநூலில் ஒரு காந்தம்,
அதன் முதுகில் நகமளவு கண்ணாடி.
எதிர் மண்சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு.
பக்கத்தில் இன்னொரு காந்தம் வைத்து
இதைக் கிழக்கு மேற்காய்த் திருப்பியிருக்கிறேன்;
வடக்கின் இழுவை கூடினாலும் குறைந்தாலும்
பொட்டு நகரும்.

முதலில் நிலத்தைக் கேட்கவேண்டியிருந்தது.
கண்ணிவெடி அகற்றும் வேலையில்
ஆறு வருசம் முழங்காலில் நின்றவள் நான்.
பழைய கூட்டாளி துஷ்யந்தி
ஒரு ஞாயிறு கருவியைக் கடன் தந்தாள்.
நாற்பத்துமூன்று ஆணி, குடைக்கம்பி, பால்மாப் பேணி மூடி,
பெயர் சொல்லத் தேவையில்லாத இன்னும் கொஞ்சம்.
எல்லாம் பொறுக்கி முடிந்தபிறகு புத்தகம் சொல்கிறது:
அசையாத இரும்பால் பாதகமில்லை,
அடிக்கோட்டைச் சற்றுத் தள்ளிவிட்டு அங்கேயே கிடக்கும்.
அசைகிற இரும்புதான் கணக்கைக் கெடுக்கும்.

கொழும்பு ரயில் கெடுக்கும்.
ஆனந்தராசாவின் லாண்ட்மாஸ்ரர் கெடுக்கும்.
நானும் கெடுப்பேன்:
எடுக்கவேண்டாம் என்று டொக்டர் விட்ட துண்டொன்று
முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.
அரை மீற்றர் கிட்டப் போனால்
பொட்டு மூன்று மில்லிமீற்றர் நகரும்.
ஆகவே நான் வெளியே, ஓட்டையால் பார்த்தபடி;
உள்ளே ஒரு பழைய போன், நிமிடத்துக்கொரு படம்.

நூறு நனோரெஸ்லா, இரண்டு சென்ரிமீற்றர்.
கிரினிச்சின் நள்ளிரவு எங்களுக்கு விடிய ஐந்தரை.
அங்கிருந்து மும்மூன்று மணித்தியாலமாய்
நாள் எட்டுத் துண்டு.
ஒவ்வொன்றிலும் பொட்டு எவ்வளவு இடம், எவ்வளவு வலம்;
அந்த அகலத்துக்குப் பூச்சியம் தொடக்கம் ஒன்பது வரை ஓர் எண்.
ஆனால் அதற்கு முன் சாந்த நாளைக் கழிக்கவேண்டும்.

சாந்த நாளிலும் அது சும்மா இருக்காது.
வெயில் ஏற ஏற நகரும்,
உச்சியில் திரும்பும், பொழுதுபட வீட்டுக்கு வரும்.
காந்த நடுக்கோடு எங்களுக்குக் கிட்ட;
பகல் முழுக்க மேலே ஒரு மின்னாறு கிழக்கே ஓடுகிறது.
ஐந்து சாந்த நாள் தெரிந்தெடுக்கச் சொன்னது விதி.
பங்குனியில் நான் எடுத்த ஐந்தில் ஒன்று
பக்கத்து வளவில் செத்தவீடு.
பறை, ஒப்பாரி, வெடி.
தாளில் அப்படியொரு நேர்த்தியான நாள்.

பிறகு, ஒன்பதை எங்கே வைப்பது?
ஜேர்மனியில் ஐந்நூறில் வைக்கிறார்கள்.
உலகத்தின் எண்ணைச் சொல்லும் பதின்மூன்று நிலையங்களில்
ஒன்றும் எங்கள் பக்கம் இல்லை.
அந்தந்த இடத்துக்கு அதனதன் ஒன்பது.
முந்நூறு என்று எழுதினேன், அழித்தேன்,
இரண்டு கிழமை யோசித்தேன்,
முந்நூறு என்றே எழுதினேன்.

சித்திரையில் சூரியனில் கறுப்புக் கூடியது.
பைனாகுலரால் வெள்ளை மட்டையில் விழுத்தி எண்ணினேன்.
கூட்டங்களைப் பத்தால் பெருக்கு, புள்ளிகளைக் கூட்டு,
பார்ப்பவர் கண்ணுக்கென்று ஒரு குணகம், அதால் மறுபடி பெருக்கு.
என் கண்ணின் குணகம் யாரும் சொல்லித் தரவில்லை.
ஒன்று என்று போட்டேன். நூற்றெண்பது வந்தது.
இரண்டாம் நாள் பின்னேரம்
பொட்டு ஒரேயடியாய் வலப்பக்கம் பாய்ந்தது.
பிறகு இடப்பக்கம் இறங்கியது.
இறங்கிக்கொண்டே போனது.

பாசையூருக்குப் போன் எடுத்தேன்.
“றெஜினோல்ட் அண்ணை, இண்டைக்கு
ஜிபிஎஸ்ஸை நம்பி வெளிக்கிடாதையுங்கோ.”
“எத்தினை?”
“ஏழு.”
“எங்கட ஏழோ, அவங்கட ஏழோ?”
நான் வாய் திறக்கமுதல் அது எட்டாகிவிட்டது.

அவர் போகவில்லை.
என்னை நம்பினாரா, காற்றுத்தான் சரியில்லையா, கேட்கவில்லை.
விடிய வந்து சொன்னார்:
ஜெற்றியில் கட்டிக் கிடந்த வள்ளத்தை
கருவி அந்தோனியார் கோயில் முற்றத்தில் காட்டியதாம்.
மகன் படம் எடுத்து வைத்திருந்தான்.

தாளின் கடைசி நிரலுக்குக் குறிப்பு என்று பெயர்.
ரயில், லாண்ட்மாஸ்ரர், நான்;
இதுவரை அதில் வேறொன்றும் இல்லை.
எழுதினேன்:
வள்ளம். கோயில் முற்றம். எட்டு நிமிடம்.